பதினோரு அரியர், இரண்டு விண்ணப்பக் கோப்புகள்

பொதுக்கொள்கை முதுகலைப் படிப்புக்கு ஓர் இளைஞர் இரண்டு முறை விண்ணப்பித்தார். முதல் முறை 2023 டிசம்பரில் ஐந்து இடங்களுக்கு. நான்கில் மறுப்பு; ஒன்றில் உதவித்தொகை இல்லாத வெறும் இடம். அந்தப் பணத்தைத் திரட்ட வழியில்லாமல் அதைக் கைவிட்டார். இரண்டாம் முறை 2024 இறுதியில் ஆறு இடங்களுக்கு. மூன்றில் மறுப்பு, ஒன்றில் காத்திருப்புப் பட்டியல், இரண்டில் இடம். அந்த இரண்டில் ஒன்று முழுக் கல்விக் கட்டண விலக்கோடு வந்தது. இரண்டு முறையும் மதிப்பெண் பட்டியல் ஒன்றுதான்: பதினோரு அரியர் (முதல் முயற்சியில் தேறாத பாடங்கள்), பத்துக்கு 6.3 சி.ஜி.பி.ஏ. (சராசரித் தரப்புள்ளி), இரண்டாம் வகுப்பு. அதில் ஓர் எழுத்துகூட மாறவில்லை.

இரண்டு கோப்புகள் தயாரானபோதும் நான் உடனிருந்தேன். முதல் கோப்புக்கு நான் சொன்ன யோசனைகளில் சில தவறானவை, அவற்றையும் எழுதுகிறேன். அவருடைய சம்மதத்தோடுதான் இது வெளிவருகிறது. பெயர், ஊர், கல்லூரி, கடைசியில் சேர்ந்த நிறுவனம் ஆகியவற்றை இருவரும் பேசித் தவிர்த்திருக்கிறோம்.

மதிப்பெண் பட்டியல் சொன்னது

பன்னிரண்டாம் வகுப்பு வரை தமிழ்வழி. 2017-இல் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு கல்லூரியில் சிவில் இன்ஜினீயரிங் சேர்ந்தார். இரண்டாம் பருவம் முதல் நான்காம் பருவம் வரை எட்டுப் பாடங்களில் அரியர், ஐந்தாம் பருவத்தில் மூன்று. அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. கடைசி மூன்று பருவங்களின் சராசரி 7.6.

அந்த எட்டில் ஒன்று எம்-3. தமிழ்நாட்டில் பொறியியல் படித்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காகச் சொன்னால், மூன்றாம் பருவத்துக் கணிதத் தாள். பகுதி வகைக்கெழுச் சமன்பாடுகளும் ஃபூரியர் தொடரும் வரும். அதை நான்காவது முயற்சியில் முடித்தார். அடுத்த பருவத்து நியூமரிக்கல் மெத்தட்ஸ் இரண்டாவது முயற்சியில் முடிந்தது.

இடையில் கரோனா வந்தது. 2020 ஆகஸ்டில் தமிழக அரசு, தேர்வுக் கட்டணம் கட்டியிருந்த அரியர் மாணவர்களுக்குத் தேர்வில்லாமலே தேர்ச்சி என்று அறிவித்தது. தொழில்நுட்பக் கல்வியை ஒழுங்குபடுத்தும் ஏ.ஐ.சி.டி.இ. அதை ஏற்கவில்லை, விவகாரம் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தான் தேர்ச்சி பெற்றவனா இல்லையா என்று தெரியாமலே அவர் பல மாதங்களைக் கழித்தார். கடைசியில் 2021-இல் தேர்வு எழுதித்தான் எம்-3 முடிந்தது. அன்று அது அவருக்குப் பெரிய வருத்தம். பின்னால் யோசித்தபோது நன்மையாகவே பட்டது: பட்டியலில் இருக்கும் அந்தத் தேர்ச்சி, உட்கார்ந்து எழுதிப் பெற்றது.

அரியருக்குக் காரணம் ஒன்றல்ல. முதல் ஆண்டில் ஆங்கிலப் பாடநூல் புரியவில்லை. புரியவில்லை என்று யாரிடமும் சொல்லவும் இல்லை. இரண்டாம் ஆண்டில் அப்பாவுக்கு வாரம் இரண்டு முறை டயாலிசிஸ். அழைத்துப்போய்த் திரும்பக் கொண்டுவருவது இவர் வேலை. இரவில் சித்தப்பாவின் லோடு ஆட்டோவையும் ஓட்டினார். ஐந்தாம் பருவத்து மூன்று அரியருக்கு மட்டும் வெளிக்காரணம் எதுவும் கிடையாது. "அக்கா, அந்த மூன்றும் நான் படிக்காததால் போனவை" என்று முதல் சந்திப்பிலேயே சொன்னார். இந்த நேர்மைதான் பிற்பாடு மிகவும் கைகொடுத்தது. ஆனால் முதல் கோப்பில் அதற்கு நாங்கள் இடமே கொடுக்கவில்லை.

மதிப்பெண் குறைவு என்று எல்லாரும் ஒரே வார்த்தையில் சொல்லிவிடுகிறோம். எந்தப் பாடத்தில், எந்தப் பருவத்தில், அதற்குப் பின் என்ன என்பதைப் பொறுத்து அதன் பொருள் மாறும். பொதுக்கொள்கைப் படிப்புக்குச் சரித்திரத் தாளில் தோற்றவரும் கணிதத் தாளில் தோற்றவரும் ஒன்றல்லர். ஹார்வர்டின் கென்னடி ஸ்கூல், பெர்க்லியின் கோல்டுமன் ஸ்கூல், சிகாகோவின் ஹாரிஸ் ஸ்கூல் என எதை எடுத்தாலும் முதலாண்டின் முதுகெலும்பு நுண்பொருளியலும் புள்ளியியலும்தான். நல்லெண்ணத்தோடு வரும் மாணவர் திணறுவதும் அங்கேதான். எனவே விண்ணப்பத்தைப் படிப்பவர் முன்னால் இருக்கும் கேள்வி, 'இவர் நல்லவரா, கஷ்டப்பட்டவரா' என்பதல்ல. 'இவரை உள்ளே எடுத்தால் முதல் பருவத்தைத் தாண்டுவாரா' என்பதே. எம்-3-க்கு எதிரே உள்ள நான்கு முயற்சிகள் அந்தக் கேள்வியை உரக்கக் கேட்டன. நம் முதல் கோப்பு அதற்குப் பதிலே சொல்லவில்லை.

முதல் கோப்பு

நோக்கக் கட்டுரை இப்படித் தொடங்கியது: 'என் தந்தையின் சிறுநீரகங்கள் செயலிழந்த நாளில் என் வாழ்க்கை மாறியது.' கட்டுரையின் பாதிக்கு மேல் அந்த ஆண்டுகள்தான். அதைப் படித்து நான் கண்கலங்கினேன். அப்படியே இருக்கட்டும் என்றும் சொன்னேன். அது என் தவறு. அந்தத் துயரம் உண்மையானது, அதை எழுதியதும் குற்றமில்லை. ஆனால் படித்து முடிப்பவருக்கு அவர் எதைத் தாங்கினார் என்பது தெரியும், எதைச் செய்யத் தெரிந்தவர் என்பது தெரியாது. கொள்கை பற்றிய பகுதியில் கிராமக் குடிநீர் முக்கியம், மக்கள் பங்கேற்பு தேவை, ஆட்சி வெளிப்படையாக இருக்க வேண்டும் என்று மூன்று பத்திகள். எதையும் மறுக்க முடியாது. யார் வேண்டுமானாலும் எழுதியிருக்கலாம்.

இன்னொரு தவறு சின்னதாகத் தெரியும், சின்னதல்ல. மதிப்பெண் கேட்ட கட்டத்தில் 6.3 என்பதை நான்கு புள்ளி அளவுக்கு மாற்றி 2.52 என்று எழுதினார். யாரோ ஓர் ஏஜென்ட் கொடுத்த கணக்கு. நம் ஊர் விதிமுறையில் 50 முதல் 60 வரை எடுத்தவருக்கு 'பி', அதற்கு ஆறு புள்ளி. எட்டு எடுப்பவர் வகுப்பின் நல்ல மாணவர். நான்கால் பெருக்கிப் பத்தால் வகுத்தால் இந்த அர்த்தமெல்லாம் அழிந்துபோகும். பல நிறுவனங்கள் மாற்ற வேண்டாம், பட்டியலில் உள்ள அளவிலேயே எழுதுங்கள் என்று படிவத்திலேயே சொல்கின்றன. நாங்கள் அந்த வரியைப் படிக்கவில்லை. இரண்டாம் முறை 'பத்துக்கு 6.3' என்று எழுதி, பட்டியலின் பின்பக்கத்தில் அச்சாகியிருக்கும் தரப்புள்ளி விளக்கத்தையும் ஸ்கேன் செய்து சேர்த்தோம். 'ஆர்.ஏ.' என்றால் மறுபடி எழுத வேண்டிய பாடம் என்பது வெளிநாட்டில் படிப்பவருக்கு எப்படித் தெரியும்?

பரிந்துரைக் கடிதங்களைப் பற்றிப் பின்னால் வருகிறேன். முதல் கோப்பில் மிக மோசமானவை அவைதான்.

டேங்க் ஆபரேட்டரின் நோட்டு

2024 மார்ச்சில் மறுப்புகள் வந்து முடிந்தபின் ஒரு மாதம் அவர் என்னோடு பேசவில்லை. ஏப்ரலில் வந்தார். அப்போது அவர் ஒரு தொண்டு நிறுவனத்தில், வறண்ட ஒன்றியம் ஒன்றில், ஊராட்சிகளின் குடிநீர் வழங்கலைக் கணக்கெடுக்கும் வேலையில் இருந்தார். விண்ணப்பத்தை எடுக்காமல், வேலையில் என்ன நடக்கிறது என்று மட்டும் கேட்டேன். அவர் சொன்ன கதை முதல் கோப்பில் ஒரு வரிகூட இடம்பெறாதது.

2019 ஆகஸ்ட் 15 அன்று அறிவிக்கப்பட்ட ஜல் ஜீவன் இயக்கம், ஒவ்வொரு ஊரக வீட்டுக்கும் குழாய் இணைப்பு, ஆளுக்கு நாளொன்றுக்கு 55 லிட்டர் தண்ணீர் என்று இலக்கு வைத்தது. இணைப்பை எண்ணிவிடலாம். லிட்டரை எண்ணுவது கடினம். அவர் போன ஓர் ஊராட்சியில் மேல்நிலைத் தொட்டியின் ஆபரேட்டர், பள்ளிப் பிள்ளைகளின் கோடு போட்ட நோட்டு ஒன்றில் மோட்டார் போட்ட நேரத்தையும் நிறுத்திய நேரத்தையும் தினமும் எழுதிவைத்திருந்தார். யாரும் கேட்கவில்லை, மின்சாரம் போன நாளில் ஊரார் சண்டைக்கு வந்தால் காட்டுவதற்காக எழுதியது. அந்த நோட்டை வைத்து இவர் ஒரு கணக்குப் போட்டார். மோட்டார் நாளுக்குச் சராசரியாக 3 மணி 10 நிமிடம் ஓடுகிறது. பம்பின் தகட்டில் மணிக்கு 15,000 லிட்டர் என்று இருக்கிறது. ஆக 47,500 லிட்டர். ஊரில் 900 பேர். ஆளுக்கு ஏறத்தாழ 53 லிட்டர். இலக்குக்கு மிக அருகில். மகிழ்ச்சியோடு அறிக்கையில் சேர்த்துவிட்டார்.

குடிநீர் வடிகால் வாரியத்தில் பணியாற்றி ஓய்வுபெற்ற பொறியாளர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு, "தம்பி, தகட்டில் இருப்பது பம்பு புதிதாக இருந்தபோது சொன்ன வாக்கு. தொட்டியில் ஏறுவதை அளந்து பார்த்தீர்களா?" என்று கேட்டிருக்கிறார். மறுநாள் இவர் தொட்டிமேல் ஏறி, குறித்த மூங்கில் கழியை விட்டு, நீர்மட்டம் உயர்வதை நேரம் பார்த்து அளந்தார். 30,000 லிட்டர் தொட்டி நிறைய அந்த 3 மணி 10 நிமிடமும் முழுசாகப் பிடித்தது. நாளுக்கு ஒரு தொட்டி. ஆளுக்கு 33 லிட்டர். நோட்டு பொய் சொல்லவில்லை. இவர் எடுத்துக்கொண்ட அனுமானம்தான் தவறு.

அதைக் கேட்டதும் நான் சொன்னேன்: "தம்பி, உன் கட்டுரை இதுதான்."

அவர் தயங்கினார். தவறு செய்ததை எழுதலாமா, ஏற்கெனவே மதிப்பெண் பட்டியல் முழுக்கத் தவறுகள்தானே என்றார். என் எண்ணம் வேறு. 53-க்கும் 33-க்கும் நடுவில் இருக்கும் அந்த மூங்கில் கழிதான் கொள்கைப் படிப்பு. அளவை எங்கிருந்து வந்தது, எந்த அனுமானத்தின் மேல் நிற்கிறது, அதை யார் சரிபார்த்தார் என்று கேட்கும் பழக்கத்தைத்தான் அந்த நிறுவனங்கள் இரண்டு ஆண்டுகள் கற்பிக்கின்றன. அது தனக்கு வந்த விதத்தை ஒருவர் காட்டினால், அதற்கு மேல் விளக்கம் வேண்டாம். இரண்டாம் கோப்பின் நோக்கக் கட்டுரை அந்த நோட்டில் தொடங்கியது. அப்பாவைப் பற்றி ஒரு வாக்கியம் மட்டுமே இருந்தது. பிரின்ஸ்டன் போலச் சில இடங்கள் தனியாக ஒரு கொள்கைக் குறிப்பும் கேட்கும். அதற்கும் இதுவே பொருளாயிற்று: ஆபரேட்டர்களின் நோட்டை ஊராட்சியின் முறையான பதிவேடாக்கி, ஆண்டுக்கு ஒருமுறை தொட்டி நிரம்பும் நேரத்தை அளந்து அதோடு இணைக்க வேண்டும் என்ற யோசனை. அதிகச் செலவில்லை. ஆபரேட்டரின் சொற்பச் சம்பளத்தில் இந்தக் கூடுதல் வேலைக்கு என்ன இடம் என்ற கேள்வியையும் அவரே எழுப்பி, அதற்குத் தன்னிடம் முழுப் பதில் இல்லை என்றும் எழுதியிருந்தார்.

கணக்கு வரும் என்பதற்குச் சாட்சி

நல்ல கட்டுரை எம்-3-ஐ மறக்கடித்துவிடாது. பழைய தோல்விக்குப் புதிய தேர்ச்சிதான் பதில். அதுவும் யாரோ மேற்பார்வையிட்ட தேர்வில் பெற்றதாக இருக்க வேண்டும். வீடியோ பார்த்து முடித்ததற்கான சான்றிதழ் போதாது.

அவர் மூன்று பாடங்களை எடுத்தார். ஐ.ஐ.டி.கள் சேர்ந்து நடத்தும் இணையவழிப் பாடத் தளமான என்.பி.டெல்.-இல் நிகழ்தகவும் புள்ளியியலும். அதில் வாராந்திரப் பயிற்சிகளுக்கு 25, மையத்துக்குப் போய் எழுதும் தேர்வுக்கு 75. பிறகு எம்.ஐ.டி.யின் 'டேட்டா, எகனாமிக்ஸ் அண்ட் டிசைன் ஆஃப் பாலிசி' மைக்ரோமாஸ்டர்ஸ் என்ற இணையவழிப் பாடத் தொகுப்பில் நுண்பொருளியலும், சமூக அறிவியலுக்கான தரவுப் பகுப்பாய்வும். கடைசியாகச் சொன்னதைக் கற்பிப்பவர்களில் ஒருவர் 2019-இல் நோபல் பெற்ற எஸ்தர் டஃப்லோ. கட்டணம் வருமானத்துக்கு ஏற்ப மாறும் என்பதால் எட்டிப்பிடிக்க முடிந்தது. முதல் தடவை தரவுப் பகுப்பாய்வை ஐந்தாவது வாரத்தில் விட்டுவிட்டார். 'ஆர்' மென்பொருளில் நிரல் எழுதத் தெரியவில்லை. அடுத்த சுற்றில் மறுபடி சேர்ந்து முடித்தார். விட்ட கதையை யாரிடமும் மறைக்கவில்லை.

இந்தத் தொகுப்பைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். இதன் பாடங்களில் தேர்ந்தவர்களிலிருந்து எம்.ஐ.டி. தன் முதுகலைக்கு மாணவர்களைத் தேர்ந்தெடுக்கிறது. 2020-இல் முதல் அணி வளாகத்துக்குப் போனது. அதற்கு ஜி.ஆர்.இ. (முதுகலைச் சேர்க்கைக்கான பொதுத் தேர்வு) வேண்டாம், இளங்கலைப் பட்டமும் கட்டாயமில்லை. கல்லூரி நாட்களின் மதிப்பெண்ணை நினைத்து ஒடுங்கிப்போயிருக்கும் எத்தனையோ பேருக்கு இப்படி ஒரு வாசல் இருப்பதே தெரியாது. போட்டி கடுமைதான். ஆனாலும் அங்கே கேட்கப்படும் கேள்வி, இன்று இந்தப் பாடத்தை உன்னால் செய்ய முடியுமா என்பது ஒன்றே.

ஜி.ஆர்.இ. பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. 2023 செப்டம்பரிலிருந்து அது இரண்டு மணி நேரத்துக்கும் குறைவான தேர்வு; மதிப்பெண் ஐந்தாண்டு செல்லும்; எந்தத் தேதியின் மதிப்பெண்ணை அனுப்புவது என்பதை நாமே தேர்ந்துகொள்ளலாம். கணிதப் பகுதியில் முதல் முறை 157, அடுத்த ஆண்டு 163. விருப்பமிருந்தால் அனுப்பலாம் என்று சொல்லும் இடங்களுக்கும் இவர் அனுப்பினார். பட்டியல் பலவீனமாக இருப்பவருக்கு அந்த விருப்பம் உண்மையில் விருப்பமல்ல என்பது என் கருத்து.

அரியர் விளக்கம்: ஏழு வாக்கியங்கள்

பல விண்ணப்பங்களில் கூடுதல் தகவலுக்கு ஒரு கட்டம் இருக்கும். இரண்டாம் கோப்பில் அரியர் பற்றிய பேச்சு முழுவதும் அங்கேதான். ஒன்பது முறை திருத்தி எழுதினோம். ஆங்கிலத்தில் அனுப்பியதை நான் தமிழில் தருகிறேன்:

'இரண்டு முதல் ஐந்தாம் பருவம் வரை பதினோரு பாடங்களில் முதல் முயற்சியில் நான் தேறவில்லை. தமிழ்வழியிலிருந்து வந்த எனக்கு முதலில் மொழியும், பிறகு தந்தையின் டயாலிசிஸ் சிகிச்சையும் தடையாக இருந்தன. ஐந்தாம் பருவத்து மூன்று பாடங்களுக்கு அத்தகைய காரணம் இல்லை, நான் போதிய அளவு படிக்கவில்லை. எல்லாப் பாடங்களையும் தேர்வு எழுதி முடித்தேன். கடைசி மூன்று பருவங்களில் என் சராசரி 7.6. இந்தப் படிப்புக்குத் தேவையான கணிதத்தைப் பற்றி நியாயமான ஐயம் எழும் என்பதால், கடந்த ஓராண்டில் புள்ளியியல், நுண்பொருளியல், தரவுப் பகுப்பாய்வு ஆகியவற்றில் மேற்பார்வையுடன் நடந்த தேர்வுகளை எழுதித் தேர்ந்திருக்கிறேன். அவற்றின் மதிப்பெண்களை இணைத்துள்ளேன்.'

மன்னிப்பும் இல்லை, புலம்பலும் இல்லை. மூன்றாம் வாக்கியத்தின் பின்பாதியை நீக்கிவிடச் சொல்லிப் பலர் அறிவுரை தந்தார்கள். அவர் மறுத்துவிட்டார். அவர் மறுத்தது சரி. வெளிக்காரணம் இருந்த எட்டை நம்ப வைத்ததே, காரணம் இல்லாத மூன்றை ஒப்புக்கொண்டதுதான் என்று நான் நினைக்கிறேன்.

யார் எழுதிய கடிதம்

நம் கல்லூரிகளில் பரிந்துரைக் கடிதம் எப்படிப் பிறக்கிறது என்பது எல்லாருக்கும் தெரியும். "நீயே எழுதிக் கொண்டு வா, கையெழுத்துப் போடுகிறேன்." முதல் கோப்பில் துறைத் தலைவரின் கடிதமும் முதல்வரின் கடிதமும் அப்படித்தான் வந்தன. இருவரும் நல்ல மனத்தோடு கையெழுத்திட்டார்கள். ஒருவர் அவருக்குப் பாடமே எடுத்ததில்லை. மூன்றாவது கடிதம் தொண்டு நிறுவன இயக்குநருடையது. அதில் 'கடின உழைப்பாளி', 'பணிவானவர்' போன்ற சொற்கள் மட்டும். மூன்றையும் அடுத்தடுத்துப் படித்தால் முதல் இரண்டும் ஒரே கை எழுதியவை என்பது எனக்கே தெரிந்தது. ஆண்டுக்கு நூற்றுக்கணக்கில் படிப்பவருக்குத் தெரியாதா? பிறர் பெயரில் தன்னைப் பற்றித் தானே எழுதுவது நேர்மைக்கேடு என்பது முதல் காரணம். அது பயனற்றது என்பது இரண்டாவது. ஊர் வழக்கம் என்பதற்காக இதை நான் அன்று கண்டும் காணாமல் விட்டது இப்போதும் உறுத்துகிறது.

இரண்டாம் முறை பதவியைப் பார்க்காமல், அவர் வேலையை நேரில் பார்த்தவர்களிடம் போனோம். களப்பணி மேற்பார்வையாளர், அவருடைய கணக்குத்தாள்களை வாராவாரம் திருத்தியவர். ஓய்வுபெற்ற அந்தப் பொறியாளர். அலுவலக மின்னஞ்சல் இல்லாததால், தான் யார், எத்தனை ஆண்டு பணி, எப்படிப் பழக்கம் என்பதை முதல் பத்தியிலேயே எழுதிவிட்டார். மூன்றாவது, கல்லூரியில் அரியர் மாணவர்களுக்கு மாலை வகுப்பு எடுத்த கணித விரிவுரையாளர். அவரிடம் கேட்கவே இவருக்குக் கூச்சம். அவர் சொன்ன பதில் எனக்கு மனப்பாடம்: "நீ எத்தனை முறை தோற்றாய் என்பது பட்டியலில் இருக்கிறது. மாலை வகுப்பில் நீ என்ன கேள்வி கேட்டாய் என்பது எனக்கு மட்டும்தான் தெரியும். அதை எழுதுகிறேன்."

கடிதங்களை இவர் பார்க்கவில்லை. 1974-ஆம் ஆண்டின் அமெரிக்கச் சட்டம் ஒன்று, சேர்ந்த மாணவர் தன் கோப்பைப் பார்க்கும் உரிமையைத் தருகிறது. பரிந்துரைக் கடிதத்தைப் பொறுத்தவரை அதை விட்டுக்கொடுக்கிறீர்களா என்று படிவம் கேட்கும். விட்டுக்கொடுத்தார். எழுதுபவர் மனம் திறந்து எழுத அதுவே வழி.

மூடிய கதவுகளும் மூடாத கதவுகளும்

மதிப்பெண் எங்கே தடை, எங்கே தடையில்லை என்பதை வதந்தியை வைத்து முடிவு செய்வது நம்மிடம் அதிகம். இவர் விஷயத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தபோது கிடைத்த சித்திரம் எதிர்பார்த்ததுபோல் இல்லை. தமிழக முதலமைச்சரின் புத்தாய்வுத் திட்டம் 2022-இல் வந்தபோது ஆசையோடு பார்த்தார். பொறியியல் பட்டதாரிக்கு முதல் வகுப்பு வேண்டும் என்றிருந்தது. அங்கே மதிப்பெண்தான் தடை. ஃபுல்பிரைட்-நேரு முதுகலை உதவித்தொகைக்கு 55 விழுக்காடு போதும். ஆனால் மூன்று ஆண்டு முழுநேரப் பணி வேண்டும், முதல் முறை அவரிடம் இரண்டுதான் இருந்தது. அங்கே தடை மதிப்பெண் அல்ல, அனுபவம். பட்டியலினத்தவருக்கான மத்திய அரசின் தேசிய அயல்நாட்டு உதவித்தொகைக்கு 60 விழுக்காடு; இவர் அந்தப் பிரிவினர் அல்லர், ஆனால் இவரைப் போன்ற மதிப்பெண்ணோடு தகுதி உள்ள பலர் கேட்டுக்கூடப் பார்ப்பதில்லை.

இந்தியாவிலேயே படித்திருக்கலாமே என்று கேட்பவர்களுக்கு: படித்திருக்கலாம். பெங்களூரு தேசியச் சட்டப் பள்ளி 2014 முதல் பொதுக்கொள்கை முதுகலை நடத்துகிறது, அதற்குத் தனி நுழைவுத் தேர்வு. டாட்டா சமூக அறிவியல் நிறுவனத்துக்குப் பொது நுழைவுத் தேர்வு. நுழைவுத் தேர்வு இருக்கும் இடங்களில் பழைய மதிப்பெண் வாசலைத் தாண்டினால் போதும், உள்ளே அது யாரையும் துரத்துவதில்லை. மாநில நிர்வாகத்தில் வேலை செய்ய நினைப்பவருக்கு இவை பல வெளிநாட்டுப் பட்டங்களைவிட மேல் என்றே நான் சொல்வேன். நீர் நிர்வாகத்தைப் பல நாடுகளோடு ஒப்பிட்டுப் படிக்க வேண்டும் என்பது இவருடைய பிடிவாதம்.

எது வேலை செய்தது

தெரியாது என்பதே நேர்மையான பதில். இரண்டு கோப்புகளுக்கும் நடுவில் கட்டுரை, கடிதங்கள், பாடங்கள், ஜி.ஆர்.இ. எல்லாம் மாறின, ஓராண்டுப் பணியும் கூடியது, எதிரே நின்ற போட்டியாளர்களும் வேறு. முதல் முறை மறுத்த ஒரு நிறுவனம் இரண்டாம் முறை இடம் தந்தது, இன்னொன்று இரண்டு முறையும் மறுத்தது. எதுவும் காரணம் சொல்லவில்லை.

ஒரு தடயம் மட்டும் உண்டு. அவர் கடைசியில் சேர்ந்த ஜெர்மனி நிறுவனத்தின் காணொலி நேர்காணல் ஏறக்குறைய அரை மணி நேரம் நடந்தது. பெரும்பகுதி அந்த நோட்டைப் பற்றித்தான்: வேறு ஊராட்சிகளில் ஆபரேட்டர்கள் எழுதுகிறார்களா, பொய்யாக எழுத அவர்களுக்கு என்ன தூண்டுதல் இருக்கும், அளக்க வேறு வழி உண்டா. மதிப்பெண் பற்றி ஒரே கேள்வி: "முதல் பருவத்தில் உங்களுக்கு எந்தப் பாடம் கடினமாக இருக்கும்?" பொருளியல் என்றார். புள்ளியியலில் கைப்பழக்கம் வந்துவிட்டது, பொருளியலின் வரைபடங்களைப் பார்த்தால் இன்னும் நிதானம் தேவைப்படுகிறது என்றார். அவர்கள் மேலே கேட்கவில்லை.

பணம், அதன் பிறகு

கட்டண விலக்கு என்பது செலவில்லை என்பதல்ல. இந்திய மாணவர்களின் சான்றிதழ்களைச் சரிபார்க்க 2022 நவம்பரிலிருந்து ஜெர்மனி ஏ.பி.எஸ். சான்று கேட்கிறது, அதற்கு 18,000 ரூபாய். பதினோரு அரியரின் மதிப்பெண் பட்டியல்கள் அங்கே இன்னொரு முறை ஒவ்வொன்றாகப் போயின. அடுத்து, முதலாண்டு வாழ்க்கைச் செலவுக்கு 11,904 யூரோவை, மாதாமாதம் ஒரு பகுதியை மட்டும் எடுக்கக்கூடிய முடக்கக் கணக்கில் காட்ட வேண்டும். ஏறத்தாழ 12 லட்சம் ரூபாய். கல்விக் கடனில் ஏழரை லட்சத்துக்கு மேல் போனால் வங்கி பிணையம் கேட்கும். வீட்டுப் பத்திரத்தை வைக்க வேண்டும் என்று அவர் சொன்னபோது நான் எதிர்த்தேன். அப்பா போன பிறகு அம்மாவுக்கு இருப்பது அது ஒன்றுதான். இன்னும் ஓராண்டு பொறுத்து, மூன்றாண்டு அனுபவத்தோடு ஃபுல்பிரைட்டுக்கு முயலலாம் என்றேன். அவருடைய அம்மா என்னைவிடத் தெளிவாக இருந்தார். ஏழரை லட்சம் வரை வங்கிக் கடன், மீதி சித்தப்பாவிடமும் சேமிப்பிலிருந்தும் என்று முடிவு செய்து, பத்திரத்தைப் பெட்டியிலேயே வைத்துவிட்டார். எனக்குத் தோன்றாத வழி அது.

2025 செப்டம்பரில் போனார். முதல் பருவத் தேர்வு முடிவுகளை எனக்கு அனுப்பியிருக்கிறார். அங்கே 1.0 மிக உயர்ந்தது, 4.0 தேர்ச்சிக் கோடு. புள்ளியியல் 1.7. பொருளியல் 3.0. தண்ணீர்க் கட்டணத்தை உயர்த்தினால் ஏழை வீடுகளின் பயன்பாடு எவ்வளவு குறையும் என்ற கேள்வியில் வரைபடத்தைத் தலைகீழாக வரைந்துவிட்டாராம். திருத்திய விடைத்தாளைக் கேட்டு வாங்கி, அந்தக் கேள்வியை மறுபடி போட்டுப் பார்த்துக்கொண்டிருப்பதாக எழுதியிருந்தார்.